தகரத்துக்குக் கீழே

அம்மா கிளீவ்லாந்து வீட்டைத் தங்கை ஷார்லீன் பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனது ஒடெஸாவுக்கு ஆறவே இல்லை. வாடகைக்கு விடுமுன் பெயின்ட்டில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்க ஆள் வருகிறார் என்றதும், அதைச் சாக்காக வைத்து அவளும் வந்துவிட்டாள்.

ஆய்வாளர் ஜன்னலை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். "இது உரசும் பரப்பு. திறந்து மூடும்போதெல்லாம் ஈயத் தூசி உதிரும்."

பிறகு கீழ்க்கட்டையில் அடித்திருந்த தகரத்தை நெம்பி எடுத்தார். "இது கடிபடும் பரப்பு. பாருங்க, சின்னப் பல் தடம். ரெண்டு வயசுக் குழந்தையா இருக்கும்."

ஒடெஸா உதட்டைச் சுழித்தாள். "வேற யாரு, செல்ல மகதான். என்னைத்தான் டேட்டன்ல பெரியம்மா வீட்டுக்குத் துரத்திட்டாங்களே. இவளை மட்டும் மடியிலேயே வச்சு வளர்த்தாங்க."

"அக்கா, இந்தத் தகரம் நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே அடிச்சது," என்றாள் ஷார்லீன். "அது உன் பல்லு. உன் ரத்தத்துல ஈயம் ஏறிடுச்சு, இந்த வீட்டுல வச்சிருந்தா பிழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். பல் முளைக்கிற புள்ள கடிக்குதுன்னு பாத்துக்கிட்டே இருந்துட்டோமேன்னு வெட்கப்பட்டு, அம்மா உன்கிட்ட சொல்லவே இல்ல."

ஒடெஸா குனிந்து அந்தப் பல் தடத்தைப் பார்த்தாள். "அப்புறமாவது என்னைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"வீட்டைச் சரிபண்ணின கையோட உன்னைக் கூட்டிட்டு வர டேட்டனுக்குப் போனாங்க அக்கா. நீ பெரியம்மாவை 'அம்மா'ன்னு கூப்பிட்டு, அவங்க பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்ட."