நடுவில் ரெண்டடி

“இன்னும் ஒம்பது தலை பாக்கி இருக்கு சார்” என்று பென்டிரைவை நீட்டினார் வைரக்கண்ணு.

பெரம்பலூரில் ஆறு பேனர் கடை இருக்க, மனுஷன் இங்கேதான் வந்து தொலைத்திருந்தார்.

அன்பழகன் திரையைப் பார்த்தான். பத்தடி பேனரில் ஏற்கெனவே முப்பத்தொரு முகங்கள். தாமரைக்குள் சித்தப்பாக்கள், மேகத்தின் மேல் காலமானவர்கள், ஓரத்தில் எதற்கென்றே தெரியாமல் ஒரு சிங்கம்.

“ஞாயித்துக்கெழமை சிறுவாச்சூர்ல காதுகுத்து உங்க பொண்ணுக்கு. அது மொகமே தெரியல. கொஞ்சம் காலியா விடலாமே சார்.”

“காலியா விட்டா எங்களுக்கு ஆளில்லன்னு நெனப்பாங்க.”

இருவரும் திரையைப் பார்த்தேதான் பேசினார்கள்.

கல்யாணப் பத்திரிகை, முறுக்கு பாக்கெட், டிராக்டர் கடை போர்டு எல்லாம் வரைபவன் அன்பழகன். சாவதற்குள் ஒரு பேனரையாவது மூச்சு விடும்படி செய்துவிட வேண்டும் என்று இருந்தான். சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினான். ஒரு சிவப்பு வட்டம், ஒரு கறுப்புக் கோடு, நாலு எழுத்து.

“நூறு வருசத்துக்கு முந்தி ஜெர்மனிக்காரர் ஒருத்தர் செஞ்சது. போஸ்டர், புத்தக அட்டை, நாற்காலி, எல்லாம் அவரே வரைவாரு. எவ்ளோ எடம் விட்டுருக்காரு பாருங்க.”

“அவருக்குச் சொந்தக்காரங்க கம்மியா இருக்கும்.”

அன்பழகன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது தலைகளையும் சொருகினான். சிங்கத்தின் வால்மேல் ஒரு பெரியப்பா உட்கார்ந்தார்.

“நடுவுல, பாப்பா பக்கத்துல மட்டும் கைய வைக்காதீங்க. ரெண்டடி சும்மா கெடக்கட்டும்” என்றார் வைரக்கண்ணு.

மவுஸில் இருந்த கை அப்படியே நின்றது. அதுவரை மனதுக்குள் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டான் அன்பழகன்.

“இப்பத்தான் சார் உங்களுக்கு டிசைன் புரிஞ்சிருக்கு. அந்த வெறும் எடந்தான் அழகே.”

“அழகாவது ஒண்ணாவது. அது தாய்மாமன் எடம். மூணு வருசமா வூட்டுப் பக்கம் வராம முறுக்கிக்கிட்டு இருக்கான். அவன் மடியில வச்சுத்தான் காது குத்தணும்னு வூட்ல ஒரே அழுகை.”

வைரக்கண்ணு முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

“சார் போட்டுப் பேசி வாய் வலிக்குது. ஒங்கக்காதான் அனுப்புச்சு. ஒரு போட்டோ குடு மச்சான்.”

அன்பழகன் ஜெர்மனிக்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் படத்தை மூன்றடிக்குப் பெரிதாக்கி நடுவில் வைத்து, சிங்கத்தையும் அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.