இறுகிப்போன ஸ்டீயரிங்

பைக் கேபிள் மாற்றுகிறவனுக்குப் படகு ஸ்டீயரிங் கேபிள் எம்மாத்திரம் என்று பீற்றிக்கொண்டதன் பலன், சீவலப்பேரி ஆற்றில் அசன் மைதீன் பாயின் மீட்புப் படகில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது.

வெள்ளத்தன்று மொட்டைமாடியில் தனியாக நின்ற பிரம்மநாயகியிடம், “படகு நெறஞ்சிட்டுக்கா, இந்தா வந்துருதேன்” என்று சொல்லிவிட்டுப் போனவர் பாய். திரும்பி வந்தபோது வீடே இல்லை. அன்றிலிருந்து ஸ்டீயரிங் இறுக்கம்.

நான் போட்ட புதுக் கேபிளில் படகு வெண்ணெயாகத் திரும்பியது. அந்த வீடு இருந்த கரைக்கு நேரே வந்ததும் பழையபடி இறுகியது.

“கேபிள மாத்துனீரா, இல்ல பழசயே தொடச்சு மாட்டிட்டீரா வே?” என்றார் பாய்.

ரோஷத்தில் கேபிளையே கழற்றி எடுத்துவிட்டேன். இனி ஸ்டீயரிங் சும்மா சுற்ற வேண்டும். அசையவில்லை.

பாய் இன்ஜினை அணைத்தார். என்னை ஓரமாக நகரச் சொன்னார். பிறகு தண்ணீரைப் பார்த்து, “எடமிருக்கு, ஏறுங்கக்கா” என்றார்.

படகு ஒருபக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

அதன்பின் இன்ஜினைக் கிளப்பி, ஒற்றை விரலால் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பைய ஓட்டினார். திருப்பிய பக்கமெல்லாம் படகு திரும்பியது. கழற்றிய கேபிள் என் மடியில் கிடந்தது.

நான் கரை சேரும்வரை ஒடுங்கியே உட்கார்ந்திருந்தேன். வெகுநாள் நின்ற கால், நீட்ட இடம் வேண்டுமே.