காய்க்காத ஹாசல்நுஸ்

கர்ர்... கர்ர்...

இருட்டினதும் தொடங்கிய சத்தம். பின்வளவுக்குள் இருந்து வந்தது. மகளை மடியோடு இறுக்கிக்கொண்டேன்.

“இஞ்சேருங்கோ, பொலிஸ் வந்திட்டாங்களோ?”

அந்தோனிதாஸ் திரைச்சீலையை விலத்திப் பார்த்தார். “இல்லை. பக்கத்து வீட்டு ஃபிறவ் லூத்தி. மரம் அரியிற வாளோட நிண்டு ஹாசல்நுஸ் பற்றையை அரியிறாள்.”

“இந்தக் குளிருக்கையோ?”

“நாங்கள் போகப்போறமெண்ட புழுகம். சந்தோசம் தாங்கேல்லை.”

சுவிசில் இந்த லாங்கன்தாலுக்கு வந்த புதிதிலேயே அந்தப் பற்றையால் மனத்தாங்கல். சொக்கிலேற்றுக்குள் போடுகிற கொட்டைதான். இரண்டு வளவுக்கும் நடுவில் நின்றது. அடிக்குருத்துகளை வெட்டினால்தான் நன்றாகக் காய்க்கும் என்று வேலைத்தலத்தில் கேட்டுவந்து, இவர் கத்தியோடு போனார்.

“நைன்!” என்று கத்தித் தடுத்தாள் லூத்தி.

இரண்டு வருசத்தில் காய் நின்றுபோய், பற்றை சுவர்போல அடர்ந்தது.

“எங்கட முகத்தில முழிக்க விருப்பமில்லை. அதுக்குத்தான் வளக்கிறாள்” என்றேன் நான்.

நாட்டை விட்டுப் போகச்சொல்லி வந்த கடிதத்தையும் அவளிடம்தான் வாசிக்கக் கொடுத்தோம். வாசித்தாள். ஒரு வார்த்தை ஆறுதல் இல்லை. திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டாள். தவணை நேற்றோடு முடிந்தது.

வாள்ச்சத்தம் நின்றது.

தெருவில் கார்க்கதவு அடிபட்டது. பிறகு இன்னொன்று.

‘அருள் நிறைந்த மரியாயே’ என்று தொடங்கினேன். மிச்சம் வரவில்லை.

பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள் லூத்தி. தலையெல்லாம் சருகு. மகளைக் காட்டினாள், பற்றையைக் காட்டினாள். “ஷ்நெல்! ஷ்நெல்!” என்று அவசரப்படுத்தினாள்.

பற்றையின் தெருப்பக்கம் அப்படியே நின்றது. உள்ளே மட்டும் ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு வழி. அது அவளுடைய நிலவறைக் கதவில் போய் முடிந்தது.

முன்கதவு மணி அடித்தது.

“நீ பிள்ளையோட போ.”

“நீங்கள்?”

“ஒருத்தரும் திறக்காட்டில் வளவெல்லாம் தேடுவாங்கள். நான் கதைச்சுக்கொண்டு நிக்கிறன். போ, றோசலின்!”

குனிந்து ஓடினேன். தெருவிலிருந்து ரோச் வெளிச்சம் பற்றையில் பட்டது. இரண்டு வருசக் குருத்துகளைத் தாண்டி அது உள்ளே வரவில்லை.

நிலவறையில் மூன்று படுக்கைகள் விரித்துக் கிடந்தன. சின்னதொன்று, பெரிது இரண்டு.

ஃபிறவ் லூத்தி கதவைப் பிடித்தபடி எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கார் புறப்படுகிற சத்தம் கேட்டது.

மூன்றாவது படுக்கையை மெல்லச் சுருட்டி வைத்துவிட்டு, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டார்.