நடுவில் இருந்த பேரிங்

கிறீச்சென்று சத்தம் போட்ட பழைய காரை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரங்களைச் சுழலவிட்டார் மெக்கானிக் பிச்சைமணி. நீளத் திருப்புளியின் முனையை ஒவ்வொரு பாகத்திலும் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துச் சத்தம் வரும் இடத்தைத் தேடினார்.

கியர்பாக்ஸைத் தொட்டதுமே அது ஆரம்பித்துவிட்டது. “நான் இல்லீங்க. அந்தக் கிறீச்சு பின்னாடி ஆக்ஸில்தான்.”

“முன்னாடி இருக்கோம்ங்கிற திமிரு அதுக்கு! சத்தமே அங்கேயிருந்துதான்” என்று பொரிந்தது ஆக்ஸில்.

திருப்புளிக்குக் காது புளித்துப்போனது. கடைசியாக, இரண்டுக்கும் நடுவே ஷாஃப்ட்டைத் தாங்கிக்கொண்டிருந்த சின்ன பேரிங்கைத் தொட்டது.

“எனக்கு ஒண்ணுமில்லைண்ணே. பாவம், அவங்க ரெண்டு பேரையும் பாருங்க” என்றது பேரிங். சொல்லும்போதே கிறீச்சிட்டது.

பல வருஷத்தில் முதல்முறையாக, அன்று அதற்குக் கை நிறைய கிரீஸ் கிடைத்தது.

“நான்தான் அப்பவே சொன்னேனே!” என்றன கியர்பாக்ஸும் ஆக்ஸிலும்.

“ஆமாண்ணே” என்றது பேரிங், சத்தமே இல்லாமல்.