மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

ஓர் அடுக்குமாடியில் இருந்த லிஃப்ட், உள்ளே ஐந்து பேரோடு மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே ஒருநாள் நின்றுவிட்டது. அவர்கள் போட்ட கூச்சல் அதன் காதிலேயே தங்கிவிட்டது. மறுநாள் கதவில் ‘பழுது’ என்று ஓர் அட்டை தொங்கியது.

மெக்கானிக் வந்து அதைக் கீழே இறக்கிச் சரிசெய்தான். அப்படியும் லிஃப்ட் அசையவில்லை. கீழ்த்தளத்தில் இருட்டாகவே கிடந்தது. “எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏன் போகமாட்டேங்குதுன்னுதான் புரியல” என்று சொல்லிவிட்டுப் போனான்.

“பேசாம கிட,” என்றது அட்டை. “படி இருக்கு. உன்னை யாரு தேடுறா?”

ஒரு காலை, மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்த ஓர் அம்மாள் அட்டையைப் படிக்காமலே பொத்தானை அழுத்தினாள். முட்டி வலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றிருந்தாள். லிஃப்ட் தன்னையறியாமல் கதவைத் திறந்துவிட்டது.

“ஐயோ, ஆளை ஏத்தாதே!” என்று அலறியது அட்டை. “மறுபடி மாட்டிக்குவே!”

அவள் உள்ளே வந்து ஐந்தை அழுத்திவிட்டு, கைபேசியை எடுத்தாள். ஒன்று தாண்டியது. இரண்டு தாண்டியது. மூன்றுக்கு மேலே, அன்றைக்கு உரசிய கோடு சுவரில் அப்படியே இருந்தது. கம்பி நடுங்கியது. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. அந்தக் கூச்சல் மறுபடி கேட்டது. லிஃப்ட் அதைக் கேட்டபடியே ஏறியது.

நான்கு தாண்டியது.

உள்ளே அந்த அம்மாள், “அரைக்கீரை கிடைக்கலடி, முருங்கைக்கீரைதான் கிடைச்சுது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.