சிவப்பில் நிற்கும் பிளம்பர்

வங்கிக்கு வந்த பணத்தை என் குழாய்க் கடையின் கம்ப்யூட்டர் தானே அவரவர் பில்லோடு பொருத்தி, கணக்குச் சரியானவர் பெயரைப் பச்சையாக்கிக்கொண்டே போகிறது. எனக்கு அதன்மேல் நம்பிக்கையில்லை. பிளம்பர் பெயர் மட்டும் சிவப்பில் நிற்கிறது. வாசலில் அவன் வண்டியில் பாதிச் சரக்கை ஏற்றியதோடு ஆட்கள் நிறுத்திவிட்டார்கள். "நானூறு கம்மியா அனுப்பியிருக்கார். சிவப்புல இருந்தா சரக்கு போகாதுங்க ஐயா" என்கிறாள் கணக்குப் பார்க்கும் பெண். "ஏமாத்தப் பாக்குறியா?" என்று உள்ளே வந்து நிற்கும் பிளம்பரைக் கேட்கிறேன். "போன தடவை உடைஞ்சு வந்த குழாய்க்குக் கழிச்சுக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க, பெரியவரே? அங்க ஒரு வீடே தண்ணியில்லாம காத்துக்கிட்டிருக்கு." மின்விசிறி கடகடக்கிறது. சொன்னது நிஜம்தான், வாயோடு சரி, யாரிடமும் எழுதச் சொல்லவில்லை. "மீதியையும் ஏத்துங்கடா" என்கிறேன். "நானூறு கம்மிக்கு என்ன காரணம்னு போடறதுங்க ஐயா?" "உள்ளதைப் போடும்மா. கிழவன் சொல்ல மறந்துட்டான்னு போடு."