தெரியாமல் செய்த தப்பு

"நாலு பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து கிளாஸ்ல குடுத்திருந்தா, சென்னையிலேருந்து விருத்தாசலத்துக்கு நான் ஏன் மேடம் ரயிலேறப் போறேன்? முழு புக்கையும் ஸ்கேன் பண்ணி நெட்டுல போட்டிருக்கீங்களே!"

பதிப்பகத்திலிருந்து வந்திருந்த பாண்டியன் புத்தகத்தை மேசைமேல் பொத்தென்று போட்டார். கல்லூரியில் பீங்கான் பாடம் நடத்தும் ஹுமைரா அதைத் தொடவில்லை.

"ரெண்டு வருஷமா இந்த புக்கு கடையில கெடைக்கலீங்க. நீங்களும் திரும்ப அச்சடிக்க மாட்டேங்கிறீங்க. புள்ளைங்க பரீட்சைக்கு எதைத்தான் படிக்கும்?"

"எழுதினவங்கள நெனச்சுப் பாத்தீங்களா? களிமண்ணுலயும் சூளைப் புகையிலயும் அந்தம்மா எவ்ளோ நாள் கெடந்திருப்பாங்க!"

"அவங்களுக்கு முழு சம்மதங்க."

"அவங்க சம்மதம் யாருக்கு வேணும்? உரிமைய மொத்தமா எங்களுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க."

கேஸ் என்று போனால் ஹுமைராவின் வேலைக்கே உலை வைத்துவிடும்.

அவள் முகத்தைப் பார்த்து பாண்டியன் கொஞ்சம் இறங்கி வந்தார். பேனாவைத் திறந்து நீட்டினார்.

"பாடம் சொல்லிக் குடுக்கறவங்க, பாவம். உரிமை எங்களுதுன்னு தெரியாம செஞ்சிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஆபீஸ்ல பேசி முடிச்சிடறேன். ஆமா, உங்க பேரு?"

அவள் புத்தகத்தைத் திருப்பி வைத்தாள். பின்னட்டையில், எரியும் சூளைக்கு முன்னால் முக்காட்டோடு சிரித்துக்கொண்டிருந்தாள் ஹுமைரா.

பாண்டியன் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நீட்டிய பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"போச்சு மேடம்! உரிமைய எழுதிக் குடுத்ததே நீங்கதானா? இனிமே தெரியாம செஞ்சிட்டேன்னுகூட சொல்ல முடியாதே!"